ஃபால்அவுட் 3: ஃபாக்ஸ் ஏன் உள்ளே போக மறுக்கிறான்?

கேள்வி: ஃபால்அவுட் 3 வீடியோ கேமில், வால்ட் 87 என்ற நிலத்தடிப் பதுங்கிடத்தில் கதிர்வீச்சுக்குள் புகுந்து, நீர் சுத்திகரிப்புக்குத் தேவையான கெக் கருவியை எடுத்துத் தந்தவனே ஃபாக்ஸ்தான் (கதிர்வீச்சு பாதிக்காத சூப்பர் மியூட்டன்ட் துணை). ஆனால் உள்ளே போனால் கதிர்வீச்சில் நாம் சாகும் கடைசி சுத்திகரிப்பு அறையில் மட்டும், தான் போகாமல் 'இது உன் விதி' என்று நழுவுகிறான். ஏன்?

பதில் 1: கதைக்கு ஒரு தியாகம் தேவை, அவ்வளவுதான். ஆனால் கதிர்வீச்சு பாதிக்காத துணையை ஆட்டமே கையில் கொடுத்துவிட்டதே! கதிர்வீச்சு பாதிக்காத மற்ற துணைகளான சாரோன் (கதிர்வீச்சால் உருமாறிய 'கூல்' இன மனிதன்), ரோபோ ஆர்எல்-3 இருவரும் இதே கதைதான்.

பதில் 2: 2009-இல் வந்த புரோக்கன் ஸ்டீல் விரிவாக்கத்தை நிறுவிவிட்டு, கடைசி அறைக்கு முன் சேமித்த இடத்திலிருந்து (சேவ்) ஆடுங்கள். ஃபாக்ஸிடம் கேட்டால் போவான். நல்ல கர்மா (ஆட்டத்தில் நம் நற்செயல்களுக்கான மதிப்பெண்) இல்லையென்றால் அவன் சேரவே மாட்டான், அப்போது சாரோனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாரோனின் ஒப்பந்தத்தை வாங்க 2000 கேப்ஸ் (ஆட்டத்தின் பணம்). இந்த விரிவாக்கத்தால் லெவல் உச்சவரம்பும் 20-இலிருந்து 30 ஆகும்.

பதில் 3: அப்படித் துணையை அனுப்பினாலும் முடிவுரைக் குரல் உங்களைக் கோழை மாதிரிதான் பேசும். வசனத்தைத் திருத்தவில்லை!