யுஎஃப்எல் விதிகளை மணலில் ஆடலாமா? கோல்போஸ்ட் இல்லை

மண்டபம்_வடகரை:
மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான யுஎஃப்எல் சீசனும் மார்ச் கடைசியில் தொடங்கி ஜூன் நடுவில் முடியுது. விசைப்படகுப் பையன்கள் பத்துப் பேர் கரையில் சும்மா இருப்பாங்க. அரியமான் மணலில் அணிக்கு ஐந்து பேராக ஃபிளாக் ஃபுட்பால் (ஆளை விழுத்தாமல், இடுப்பில் தொங்கும் பட்டையை இழுத்து நிறுத்தும் ஆட்டம்) ஆட நினைக்கிறோம். டச்டவுனுக்குப் (பந்தோடு எதிரணியின் கடைசிப் பகுதிக்குள் போய் 6 புள்ளி எடுப்பது) பிறகு கூடுதலாக 1, 2, 3 புள்ளி என்கிறார்களே, அதை எப்படி வைப்பது? எந்த அணியைப் பார்த்துப் படிக்கலாம்?

கீழக்கரை_காக்கா:
தம்பி, கோல்போஸ்ட் இல்லாத உங்களுக்குப் பொருத்தமான விதியே அதுதான். 2024, 2025 சீசன்களில் டச்டவுனுக்கு அப்புறம் உதையே கிடையாது. 2 யார்டு (கெஜம்) தூரத்திலிருந்து ஓடியோ எறிந்தோ எண்ட் ஸோனுக்குள் (அந்தக் கடைசிப் பகுதி) போனால் 1 புள்ளி, 5 யார்டுக்கு 2, 10 யார்டுக்கு 3. அதனால் ஒரே டச்டவுனில் 9 புள்ளி வரை எடுக்கலாம். என்எஃப்எல் (அமெரிக்காவின் பெரிய லீக்) பார்த்துப் பழகினவங்க தடுமாறுவது இங்கேதான். அங்கே 9 புள்ளி பின்தங்கினால் இரண்டு தடவை அடிக்கணும், இங்கே ஒன்றே போதும்.

ஆனால் அந்தத் தூரங்களை அப்படியே எடுக்காதீங்க. ஃபிளாக்கில் எண்ட் ஸோனுக்கு முன்னால் 5 யார்டு வரை ஓடக்கூடாது, எறியத்தான் வேணும். 2 யார்டில் வைத்தால் தடுக்கிற ஐந்து பேரும் கோட்டிலேயே நின்று அடைச்சிடுவாங்க. 5, 10, 15 என்று வைங்க. மூன்று புள்ளிக்கு ஆசைப்படுறவன் நல்லா யோசிக்கணும், ஆட்டத்தின் ருசியே அங்கேதான்.

பின்தங்கின அணிக்கு இன்னொரு வழியும் உண்டு. புள்ளி எடுத்ததும் பந்தை எதிராளிக்கு உதைத்துக் கொடுக்காமல், தன் பக்கம் 28-ஆவது யார்டில் நின்று ஒரே முயற்சியில் 12 யார்டு எடுத்தால் பந்து பின்தங்கின அணிக்கே. சின்ன மைதானத்தில் இதை 8 யார்டாகக் குறைக்கலாம்.

சேதுக்கரை_பந்து:
எக்ஸ்எஃப்எல், யுஎஸ்எஃப்எல் என்ற இரண்டு லீக்கும் சேர்ந்து 2024-ல் வந்தது இந்த லீக். எட்டு அணி, ஆளுக்கு 10 ஆட்டம். முதல் இறுதியில் பர்மிங்ஹாம் ஸ்டாலியன்ஸ் 25-0 என சான் அன்டோனியோ பிராமாஸை அடக்கியது. தடுப்பாட்டம் படிக்க அதைப் பாருங்க. எறிதலுக்கு 2025 இறுதி: டிசி டிஃபெண்டர்ஸ் 58, மிச்சிகன் பேந்தர்ஸ் 34. 2026-க்கு மிச்சிகன், மெம்ஃபிஸ், சான் அன்டோனியோ போய் லூயிவில், கொலம்பஸ், ஆர்லாண்டோ வந்திருக்கு. பழைய பட்டியலை நம்பாதீங்க. நேரலைக்கு அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தோடு ஒன்பதரை மணி கூட்டுங்க. அங்கே வெள்ளி இரவு 8 என்றால் நமக்குச் சனி காலை 5.30.

மைதானம் 50 யார்டு, இரண்டு பக்கமும் 10 யார்டு எண்ட் ஸோன், அகலம் 25 யார்டு. மொத்தம் 64க்கு 23 மீட்டர். சுண்ணாம்புக் கோடு மணலில் நிற்காது. நைலான் கயிற்றை ஒரு சாண் ஆழத்தில் புதைச்ச கட்டைகளில் இழுத்துக் கட்டி, மணலோடு மணலாகப் படிய விடுங்க. தொய்வாக விட்டால் கால் மாட்டும். மூலைக்கு வலை மிதவை போதும், கல் வேண்டாம்.

மண்டபம்_வடகரை:
நன்றி காக்கா, நன்றி அண்ணே. ஃபிளாக்கைத் துணியில் கிழிச்சுக் கட்டலாமா?

கீழக்கரை_காக்கா:
முடிச்சுப் போடவே கூடாது தம்பி. இழுத்தால் ஆளோடு வரும், விரல் பிசகும். 5 செ.மீ. அகலம், 38 செ.மீ. நீளத்தில் பட்டை வெட்டி, மேல்நுனியில் வெல்க்ரோ தையுங்க. இடுப்பு நாடாவில் அதன் ஜோடியை, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வெல்க்ரோவில் மணல் அடைச்சால் பிடிக்காது, பழைய பல் துலக்கியால் தட்டிவிடுங்க. பை வைத்த கால்சட்டை வேண்டாம், அதிலும் விரல் மாட்டும்.

தோல் பந்து உப்புத்தண்ணியில் ஊறிக் கனத்துப்போகும். ரப்பர் பந்து வாங்குங்க. காற்று 13 பிஎஸ்ஐ, வாலிபால் பம்ப் ஊசியே போதும். ஆடுவதற்கு முன்னால் மேட்டு ஓரத்தை ஒரு தடவை கூட்டிவிடுங்க. சீமைக்கருவேல முள் பந்தையும் விடாது, பாதத்தையும் விடாது.