புரோப்ரியோசெப்ஷன்: 'தன்னுணர்வு' வேண்டாமே

வணக்கம்.

கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். பார்க்காமலே விரல் போய்ச் சேர்கிறதல்லவா, அந்தத் திறனுக்குத்தான், அதாவது புரோப்ரியோசெப்ஷனுக்குத்தான், இந்த இழையில் இரண்டு நாளாகத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

இங்கே சிலர் முன்வைத்த 'தன்னுணர்வு' எனக்கு ஒப்பவில்லை. 1906-இல் நரம்பியல் அறிஞர் ஷெரிங்டன் அந்த ஆங்கிலச் சொல்லை ஆக்கியபோது 'தனக்குரிய' என்று பொருள்படும் லத்தீன் வேரை எடுத்தார், சரி. ஆனால் தமிழில் தன்னுணர்வு என்றால் 'நான்' என்ற நினைப்பு, அதை உளவியல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'உடல்நிலையுணர்வு' இன்னும் மோசம், காய்ச்சலும் தலைவலியும்தான் நினைவுக்கு வரும்.

இழையில் ஐயா ஒருவர் சொன்ன 'மூட்டுணர்வு' கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இதில் பெரும்பங்கு மூட்டுக்கு இல்லையே! தசைக்குள் நூற்புக்கதிர் வடிவில் கிடக்கும் நுண்ணுறுப்புகள் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன, தசைநாணில் இருப்பவை இழுவிசையைச் சொல்கின்றன, மூட்டில் இருப்பவையோ பெரும்பாலும் மடக்கம் எல்லையை நெருங்கும்போதுதான் வாய் திறக்கின்றன.

அப்புறம், 'உணர்வு' என்ற பின்பாதியே இடிக்கிறது. இந்தச் செய்திகளில் நிறைய சிறுமூளைக்குப் போய், நமக்குத் தெரியாமலே காரியத்தை முடித்துவிடுகின்றன. உணராமல் நடப்பதை உணர்வு என்பானேன்? புலன் என்றால் அந்தச் சிக்கல் இல்லை, அது திறனின் பெயர். ஐம்புலனோடு ஆறாவதா என்று கேட்பீர்கள். சமநிலையை உணரும் உள்காதையும் சேர்த்தால் ஏழு, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆக, என் ஓட்டு 'நிலைப்புலன்'. 'உறுப்புநிலைப்புலன்' இன்னும் தெளிவுதான், ஆனால் பத்தெழுத்து, வகுப்பில் இரண்டு முறை சொல்பவர் மூன்றாம் முறை ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். நிலைப்புல ஏற்பி (செய்தியைப் பிடிக்கும் அந்த நுண்ணுறுப்பு, ஆங்கிலத்தில் receptor), நிலைப்புல இழப்பு என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. அசைவை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் 'அசைவுப்புலன்'.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. 'நிலை' என்றதும் சிலருக்குச் சமநிலை நினைவுக்கு வரும். உடம்பிலும் இரண்டும் பின்னிக்கொண்டுதான் கிடக்கின்றன: ராம்பெர்க் சோதனையில் காலைச் சேர்த்து நின்று கண்ணை மூடியதும் ஒருவர் தள்ளாடினால், பழுது நிலைப்புலனிலும் இருக்கலாம், உள்காதிலும் இருக்கலாம். அதனால் உள்காதின் வேலையைச் சுருக்காமல் 'சமநிலைப்புலன்' என்று முழுசாகவே எழுதுவோம்.

receptor-க்கு 'ஏற்பி'யா 'உணர்வி'யா என்பது தனிச் சண்டை. அதற்கு வேறு இழை தொடங்குங்கள், வருகிறேன்.