பின்வளவில் ஒரு இரண்டடிச் சறுக்கு

தங்கச்சி குடும்பம் ரொறன்ரோவில் இருக்கிறது. போன ஜனவரியில் ஒருநாள் வீடியோ அழைப்பில் அவர்களின் நாலு வயது மகன் ஸ்கீ, அதாவது காலில் நீளப் பலகை மாட்டிப் பனியில் சறுக்குவது, பழகுவதைக் காட்டினார்கள். வீட்டுக்கு முன்னால் அள்ளிய பனியையெல்லாம் மச்சான் பின்வளவில் குவித்து, சப்பாத்துக் காலால் மிதித்து இறுக்கி, ஓர் இரவு அப்படியே விட்டிருக்கிறார். காலையில் அது கல் மாதிரி இறுகி நின்றதாம். அதிலிருந்து பிள்ளை பிளாஸ்டிக் ஸ்கீ மாட்டிக்கொண்டு சறுக்கி வந்தான். என் மகளுக்கு ஐந்து வயது. அன்றிரவு படுக்கும்போது, "அப்பா, எங்கட வளவில எப்ப பனி பெய்யும்?" என்று கேட்டாள்.

நாங்கள் இருப்பது தெஹிவளையில். ஜனவரியிலும் பகலில் 30 பாகை வெயில். என்ன சொல்வதென்று தெரியாமல் மச்சானிடமே கேட்டேன். பனி இல்லாமலும் ஸ்கீ பழகலாம் என்று அவர்தான் சொன்னார். பிரித்தானியாவில் பிளாஸ்டிக் தூரிகை போன்ற விரிப்பு போட்ட சரிவுகள் இருக்கின்றன. வழுக்குவதற்காக அவற்றில் தண்ணீர் தெளிப்பார்கள். கோபன்ஹேகனில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையின் கூரையிலேயே 2019இல் இப்படி ஒரு சரிவைத் திறந்துவிட்டார்கள். அதைக் கேட்டதும் எனக்குத் துணிவு வந்தது.

ஒரு கியூப் (நூறு கன அடி) கிரவல் மண் இறக்கினேன். மூன்றரை அடி உயரம், பத்தடி நீளம். மேலே செயற்கைப் புல் விரிப்பு. தங்கச்சி அனுப்பிய பிளாஸ்டிக் ஸ்கீ. எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன். ஆனால் சரிவு முடிந்த இடத்திலிருந்து மதிலுக்கு ஐந்தடிதான் இருந்தது. மகள் இரண்டாம் முறை வந்த வேகத்தில் நேரே போய் மதிலில் மோதினாள். முழங்கை தோல் உரிந்து, உதடு வெடித்தது. அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிய அந்த நிமிடம் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

செய்ய நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: மேட்டை அளப்பதற்கு முன், பிள்ளை எங்கே வந்து நிற்கும் என்பதை அளந்து பாருங்கள். நான் மண்ணைப் பிரித்து உயரத்தை இரண்டடியாகக் குறைத்தேன், நீளத்தைப் பதினாலடியாக்கினேன். அதன் பிறகு பன்னிரண்டடி சமதரை. கடைசி மூன்றடியை மட்டும் கொஞ்சம் மேல்நோக்கி ஏற்றிவிட்டேன், வேகம் அங்கே தானாகச் செத்துவிடும். மதிலோரம் பழைய தும்பு மெத்தை ஒன்றும் நிற்கிறது. இரண்டடி நமக்கு ஒன்றுமில்லை. மூன்றடி உயரப் பிள்ளைக்கு அது மலை.

புல் விரிப்பில் இழைகள் சாய்ந்திருக்கும் பக்கம் உண்டு. கையால் தடவினால் தெரியும். சாய்வு கீழ்நோக்கி இருக்கும்படி விரிக்க வேண்டும், மாறிப் போட்டால் ஸ்கீ நகராது. காய்ந்த விரிப்பிலும் நகராது, ஒரு பூவாளித் தண்ணீர் தெளித்தால் போதும். விழுந்தால் தோலைத் தேய்த்துவிடும் என்பதால் நீளக் காற்சட்டை, கையுறை, சைக்கிள் ஹெல்மெட் மூன்றும் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் ஏற விடுவதில்லை.

முதல் இரண்டு நாள் மேட்டுப் பக்கமே போகவில்லை. சமதரையில் ஸ்கீயோடு நடந்து பழகினாள். ஸ்கீ ஓடும்போது இரண்டு கையிலும் பிடிக்கும் ஊன்றுகோல் கொடுக்க வேண்டாம் என்றார் மச்சான். சின்னப் பிள்ளைகளுக்கு அது காலுக்குள் சிக்கும் பொருள். வேகத்தைக் குறைத்து நிற்பதற்கு, ஸ்கீயின் முன்முனைகளை ஒன்றுக்கொன்று கிட்டக் கொண்டுவந்து குதிகால்களை அகட்டி, பீட்சாத் துண்டு மாதிரி வைக்கச் சொன்னோம். மூன்றாம் நாள் மேட்டிலிருந்து வந்து, பாதியில் "பீட்சா!" என்று கத்தி, தானாக நின்றாள். நான் பிடிக்கவே இல்லை. மனைவி குசினியில் இருந்து ஓடி வந்தார்.

மாமி மாத்தளையில் பிறந்தவர். ஸ்கீ மாட்ட முடியாத பக்கத்து வீட்டு மூன்று வயதுக்காரனுக்காக எங்கிருந்தோ ஒரு கமுகமடல் கொண்டுவந்து கொடுத்தார். அவன் அதில் உட்கார்ந்து, ஓலைக் காம்பைப் பிடித்துக்கொண்டு வருகிறான். உண்மையில் ஸ்கீயைவிட அதற்குத்தான் வரிசை நீளம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். மழைக்கு மூடிய தறப்பாளின் மடிப்பில் தண்ணீர் தேங்கி, அதில் புழு நெளிவதைப் பார்த்துப் பதறிப்போனேன். டெங்கு நுளம்பு பெருக ஒரு கிழமை போதும். இப்போது தறப்பாளே போடுவதில்லை. சனிக்கிழமைகளில் விரிப்பைச் சுருட்டி வெயிலில் நிறுத்திவிடுகிறேன். மே மாத மழைக்கு மண் கரையாமல் இருக்க ஓரத்தில் தென்னங்குற்றி அடிக்கலாமா, கல் அடுக்கலாமா என்று யோசிக்கிறேன். செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். டிசம்பரில் ரொறன்ரோக்காரன் வருகிறான். அவனுக்குக் கமுகமடலில் வரப் பழக்குவதாக மகள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.