காயத்துக்குப் பின் குறைக்கப்படும் விளையாட்டு உதவித்தொகை: மேல்முறையீடு குறித்து விளக்கம் தேவை

வணக்கம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் தேசியச் சங்கம்) அமைப்பின் முதல் பிரிவைச் சேர்ந்த ஒரு கல்லூரியில் என் மகள் எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் படித்துக்கொண்டு டென்னிஸ் ஆடுகிறாள். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் விளையாட்டு உதவித்தொகையே அவளது கட்டணத்தில் பெரும்பகுதியைத் தாங்கி வந்தது. பிப்ரவரியில் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. ஜூலை 9 அன்று, வரும் கல்வியாண்டில் தொகை பாதியாகும் என்று பயிற்சியாளர் தொலைபேசியில் தெரிவித்தார். எழுத்தில் இன்றுவரை எதுவும் வரவில்லை.

உதவித்தொகை ஒப்புக்கொள்ளப்பட்ட காலம் முடியும் முன் காயத்தைக் காட்டித் தொகையைக் குறைக்கக் கூடாது என்பதும், அடுத்த ஆண்டுக்குக் குறைப்பதானால் ஜூலை 1-க்குள் எழுத்தில் அறிவித்து, விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள நிதியுதவிக் குழுவின் முன் விசாரணைக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்பதும் என்.சி.ஏ.ஏ. விதிகளில் உள்ளன. பயிற்சியாளரிடம் நேரில் பேசினோம். விளையாட்டு விதிகள் பின்பற்றப்படுவதைக் கவனிக்கும் கல்லூரியின் விதி இணக்க அலுவலருக்கு இருமுறை மின்னஞ்சல் அனுப்பினோம், பதில் இல்லை. நிதியுதவி அலுவலகமோ விளையாட்டுத் துறையையே கேட்கச் சொல்கிறது. விசா விதிப்படி, வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் அவள் வேலை செய்ய முடியும். அந்த வருமானம் இந்த இழப்புக்கு ஈடாகாது. அவளது படிப்பு பாதியில் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறோம்.

எழுத்துபூர்வ அறிவிப்பே வராத நிலையில், அந்த விசாரணையை நாங்களே கோர முடியுமா, முடியுமெனில் விண்ணப்பத்தை யாரிடம் கொடுக்க வேண்டும்?