எட்டு நாளில் மூன்று தங்கம்

தம்பி: பெரியப்பா, நீங்கள் அனுப்பிய 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் காணொளியைப் பார்த்தேன். எமில் ஸாட்டோபெக் தலையைச் சாய்த்து, நாக்கைத் தள்ளிக்கொண்டு, வலியில் துடிப்பவரைப் போல ஓடுகிறாரே! எங்கள் பயிற்சியாளர் பார்த்திருந்தால் முதல் சுற்றிலேயே நிறுத்தியிருப்பார்.

பெரியப்பா: அந்தக் காலத்திலேயே பலர் அதைக் கேலி செய்தார்கள். ஜிம்னாஸ்டிக்ஸைப் போல ஓட்டத்தில் அழகுக்கு மதிப்பெண் கிடையாதே என்பதுதான் அவருடைய பதில். முகத்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் பார், ஒரு அடிகூடச் சிதறாது.

சித்தப்பா: பிறவியிலேயே ஓட்டக்காரர் போலும்.

பெரியப்பா: இல்லையப்பா. செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லின் நகரில் பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பையன் அவர். 1941-இல் மேலாளர்கள் அவர் பெயரை ஓட்டப் பந்தயத்துக்குக் கொடுத்தபோது, தமக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். மருத்துவர் பரிசோதித்து நலமாகவே இருக்கிறார் என்று அனுப்பிவிட, வேண்டாவெறுப்பாக ஓடி இரண்டாவதாக வந்தார். மெதுவாக ஓடத்தான் எனக்கு ஏற்கெனவே தெரியுமே, வேகமாக ஓடத்தானே பழக வேண்டும் என்பது அவர் வாதம். அதனால் 400 மீட்டரை விரைந்து ஓடி, 200 மீட்டர் மெல்ல ஓடி மூச்சு வாங்கி, மறுபடி 400 என்று ஒரே நாளில் 40 முறைகூடச் செய்தார். ராணுவத்தில் சேர்ந்த பிறகு கனத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு பனியிலும் ஓடினார். என் கணக்கில் அவருடைய பதக்கங்களைவிட இந்தப் பயிற்சி முறைதான் பெரிது. இன்று உன் பயிற்சியாளர் தருகிற இடைவெளிப் பயிற்சி உலகெங்கும் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

தம்பி: அப்படியென்றால் அவர் தோற்றதே இல்லையா?

பெரியப்பா: 1948 லண்டனில் 10,000 மீட்டரில் இரண்டாவதாக வந்தவரை முக்கால் நிமிடத்துக்கும் மேல் பின்னால் விட்டுத் தங்கம் வென்றார். ஆனால் 5,000 மீட்டரில் சேறும் மழையுமாகக் கிடந்த தடத்தில் வெகுதூரம் பின்தங்கிவிட்டார். கடைசிச் சுற்றில் வெறி பிடித்தவரைப் போலத் துரத்தியும், பெல்ஜியத்தின் கேஸ்டன் ரைஃபிடம் 0.2 விநாடியில் தங்கத்தை இழந்தார்.

சித்தப்பா: ஹெல்சிங்கி மாரத்தானில் அவருக்கு அதிர்ஷ்டமும் இருந்தது அண்ணா. உலகின் வேகமான மாரத்தான் ஓட்டக்காரரான ஜிம் பீட்டர்ஸ் பாதியில் விலகாமல் இருந்திருந்தால் கதை வேறு.

பெரியப்பா: பீட்டர்ஸ் ஏன் விலகினார் என்று யோசித்துப் பார். ஸாட்டோபெக்குக்கு அதுதான் முதல் மாரத்தான். அதனால் பீட்டர்ஸை ஒட்டியே ஓடினார். இந்த வேகம் சரிதானா என்று அவரிடமே கேட்டார். பீட்டர்ஸ் வேண்டுமென்றே, போதாது என்றார். இவரும் அதை நம்பி முன்னே போய்விட்டார். கடைசியில் பீட்டர்ஸ் தசைப்பிடிப்பில் நின்றுவிட, இவர் 2 மணி 23 நிமிடத்தில் அரங்கத்துக்குள் நுழைந்தார். 5,000, 10,000, மாரத்தான் மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

சித்தப்பா: சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1968-இல் தம் நாட்டின் மீதான சோவியத் படையெடுப்பை எதிர்த்துப் பேசியவர், சில ஆண்டுகளில் தம் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாரே?

பெரியப்பா: உண்மைதான். அதற்குள் ராணுவப் பதவி போய், கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டு, நிலத்தடி ஆய்வுக் குழுவோடு ஊர் ஊராக அலைந்து கூலி வேலை செய்துகொண்டிருந்தார். நாம் யார் அவரைக் குறை சொல்ல? அதே மனிதர்தான் 1952-இல், அரசியல் கைதியின் மகன் என்பதற்காக யுங்விர்த் என்ற சக வீரரை ஹெல்சிங்கிக்குப் போகவிடாமல் அரசு தடுத்தபோது, அவர் வராமல் நானும் வரமாட்டேன் என்று விமானம் ஏற மறுத்தார். அரசு இறங்கி வந்தது. எத்தனையோ உலக சாதனைகள் படைத்தும் ஒலிம்பிக் தங்கம் கிடைக்காத ஆஸ்திரேலியர் ரான் கிளார்க் பிராக் நகருக்கு வந்து திரும்பியபோது, ஸாட்டோபெக் ஒரு சிறு பொட்டலத்தை அவர் கையில் திணித்தார். விமானத்தில் பிரித்துப் பார்த்தால், உள்ளே ஹெல்சிங்கியில் வென்ற 10,000 மீட்டர் தங்கம்!

அத்தை: அண்ணா, இவ்வளவு நேரம் பேசியும் அவர் மனைவி டானாவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லையே. இருவரும் 1922 செப்டம்பர் 19 அன்று பிறந்தவர்கள். அவர் 5,000 மீட்டர் வென்ற அதே நாளில் இவர் ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார்.

பெரியப்பா: சொல்லியிருக்க வேண்டும்தான் அம்மா.

அத்தை: அதோடு முடியவில்லை. 1956 மெல்போர்ன் மாரத்தானில் அவர் ஆறாவதாக வந்து, மறு ஆண்டு ஓட்டத்தை விட்டுவிட்டார். இவரோ 35 வயதில் உலக சாதனை படைத்து, 1960-இல் ரோமில் வெள்ளியும் வாங்கினார். தம்பி, அடுத்த காணொளி அதுவாக இருக்கட்டும். உன் பெரியப்பாவைத் தேடி எடுக்கச் சொல்.