சென்னையில யு.எஸ். கோடிங் பார்த்தேன், இப்ப லண்டன்ல இருக்கேன்: என்எச்எஸ்-ல எப்படி நுழையறது?

கேள்வி:

எல்லாருக்கும் வணக்கம். கணவர் ஸ்கில்டு வொர்க்கர் விசா, நான் டிபென்டன்ட். பி.ஃபார்ம் முடிச்சு சென்னையில சில வருஷம் யு.எஸ். மெடிக்கல் கோடிங் (நோயாளியோட நோய், சிகிச்சை விவரத்தைக் குறியீடா மாத்தற வேலை) பார்த்தேன், சிபிசி (அமெரிக்க கோடிங் சர்டிஃபிகேட்) இருக்கு. இங்கேயும் என்எச்எஸ்-ல (பிரிட்டன் அரசு மருத்துவ சேவை) அதே லைன்ல போகலாம்னு தேடினா, ஒரு பயிற்சி மையத்துல ஆயிரம் பவுண்டுக்கு மேல கேக்கறாங்க. முடிச்சா ஆஸ்பத்திரியில வேலை நிச்சயம்னு சொல்றாங்க. கட்டலாமா?

பதில்:

கட்டாதீங்கம்மா. நம்ம ஊர்ல முதல்ல கோர்ஸ், அப்புறம் சர்டிஃபிகேட், அதைக் காட்டி வேலை. இங்கிலாந்துல இது தலைகீழ். முதல்ல 'ட்ரெய்னி கிளினிக்கல் கோடர்' வேலைக்கு எடுப்பாங்க. சம்பளத்தையும் குடுத்து, பயிற்சிச் செலவையும் ட்ரஸ்ட்டே (ஆஸ்பத்திரியை நடத்தற என்எச்எஸ் அமைப்பு) ஏத்துக்கும். உள்ளே போனதும் 'கிளினிக்கல் கோடிங் ஸ்டாண்டர்ட்ஸ் கோர்ஸ்' முடிக்கணும். அது புதுசா வர்ற எல்லாருக்கும் உண்டு. கொஞ்ச காலம் கேஸ் பார்த்துக் கை பழகினதும் என்சிசிக்யூ எழுதணும். ஐஎச்ஆர்ஐஎம்ங்கற மருத்துவ ஆவணத் துறை அமைப்பு நடத்தற தேசியப் பரீட்சை அது. தேறினாத்தான் 'அக்ரெடிட்டட் கிளினிக்கல் கோடர்'. நம்ம பரீட்சை மாதிரி 35 மார்க்ல பாஸ் எல்லாம் கிடையாது. பாஸ் பண்ணின பிறகும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரெஃப்ரெஷர் உண்டு. ட்ரெய்னிக்குப் பொதுவா பேண்ட் (என்எச்எஸ் சம்பளப் படி) 3 இல்ல 4, பாஸ் பண்ணினா 5. சில ட்ரஸ்ட்ல, சொன்ன காலத்துக்கு முன்னாடி விலகினா பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டணும்னு கையெழுத்து வாங்குவாங்க. படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க.

வெளியில வாங்கற சர்டிஃபிகேட் எதுவும் இந்தப் பாதைக்கு ஈடாகாது. உங்க சிபிசியும்தான். அதுக்காக அது வீண்னு நினைச்சிடாதீங்க. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்ததும் எது முக்கியம், எது சும்மா எழுதினதுன்னு பிரிக்கத் தெரிஞ்சவங்களுக்கு இங்க மதிப்பு இருக்கு. ஆனா நாளெல்லாம் யு.எஸ். சார்ட் பார்த்த கைக்கு இங்கே சில பழக்கங்களை மாத்தறதுதான் பெரிய வேலை.

ஒரு குடல்வால் ஆபரேஷனை எடுத்துக்கோங்க. திடீர்னு வலின்னு வந்த பையன், லேப்ராஸ்கோப்பியில எடுத்தாச்சு, பெரிடொனைட்டிஸ் (வயித்து உள்சவ்வு அழற்சி) எதுவும் இல்ல. சிபிடியில (அமெரிக்க சிகிச்சைக் கோட் பட்டியல்) 44970, முடிஞ்சது. இங்க சிபிடியே கிடையாது. நோய்க்கு ஐசிடி-10, சிகிச்சைக்கு ஓபிசிஎஸ்-4. நோய் கே35.8. ஆபரேஷன் எச்01.2, அதாவது நோய் வந்த குடல்வாலை அவசரமா எடுத்தது. லேப்ராஸ்கோப்பி வழியாத்தான் எடுத்தாங்கன்னு காட்ட, பின்னாடியே ஒய்75.2 தனியா வரும். இதே பையனை வீட்டுக்கு அனுப்பிட்டு, பிறகு தேதி குறிச்சு எடுத்திருந்தா எச்01 வராது, எச்02 பக்கம் போகணும். இந்த ஆபரேஷனுக்கு அவசரமா, திட்டமிட்டதாங்கிற கேள்வி சிபிடியில இல்ல. இங்க கோடே அதுல மாறுது.

ஐசிடி-10 தெரியும்னு தைரியமா இருக்கவும் வேண்டாம். நீங்க போட்டது ஐசிடி-10-சிஎம், அமெரிக்கா தனக்குன்னு விரிச்சுக்கிட்டது. இங்க இருக்கறது உலக சுகாதார நிறுவனத்தோட மூலப் பதிப்பு. டைப் 2 சர்க்கரையால விழித்திரை பாதிச்சதுக்கு அங்க இ11.319னு ஒரே கோட்ல முடிப்பீங்க. இங்க இ11.3, எச்36.0னு ரெண்டும் ஜோடியா வரணும். முதல்ல உள்ளது டேகர் (அடிப்படை நோய்), அடுத்தது ஆஸ்டெரிஸ்க் (அது பாதிச்ச இடம்). ஜோடியில ஒண்ணை விட்டா ஆடிட்ல பிழைதான்.

அடுத்தது 'ப்ராபபிள்' விவகாரம். யு.எஸ். இன்பேஷன்ட்ல டிஸ்சார்ஜ் அப்போ 'பாசிபிள் நிமோனியா'ன்னு இருந்தாக்கூட நிமோனியாவையே போடலாம். அவுட்பேஷன்ட்ல அப்படிப் போடக் கூடாது. இங்க 'ப்ராபபிள்', 'ப்ரிஸ்யூம்டு'ன்னு கன்சல்டன்ட் (நோயாளிக்குப் பொறுப்பான மூத்த டாக்டர்) எழுதினா உறுதியான நோய் மாதிரியே கோட் பண்ணுவோம். வெறும் கேள்விக்குறி போட்டு '? நிமோனியா'ன்னு விட்டிருந்தா இருமல், காய்ச்சல்னு அறிகுறியைத்தான் போடணும். டாக்டர்கள் அந்தக் கேள்விக்குறியைத் தாராளமா போடுவாங்க. நாமளும் பக்கத்துக்குப் பக்கம் போய், யாராவது உறுதியா எழுதியிருக்காங்களான்னு தேடுவோம்.

எல்லாத்தையும்விடத் தடுமாற வைக்கறது எபிசோட் கணக்கு. நீங்க அட்மிஷன்ல இருந்து டிஸ்சார்ஜ் வரைக்கும் ஒரே கேஸாப் பார்த்துப் பழகியிருப்பீங்க. இங்க கன்சல்டன்ட் மாறினா எபிசோட் மாறும். மெடிசின்ல சேர்ந்தவரை சர்ஜரிக்கு மாத்தினா ரெண்டு எபிசோட், ரெண்டுக்கும் தனித்தனியா முதன்மை நோய். இந்தக் கோட்களை வச்சுத்தான் எச்ஆர்ஜி (ஒரே மாதிரி செலவு ஆகற கேஸ்களோட தொகுப்பு) உருவாகி, ட்ரஸ்ட்டோட செயல்பாட்டுக் கணக்கும் வரவேண்டிய பணமும் முடிவாகும். நோயாளிக்கு பில் போகாது, க்ளெய்ம் டினையல் (இன்ஷூரன்ஸ் பணம் மறுக்கறது) கிடையாது, மாடிஃபையர் (கோடோட ஒட்டற கூடுதல் குறி) தலைவலி கிடையாது. அதுக்குப் பதிலா மாசாமாசம் கணக்கு அனுப்ப 'ஃப்ளெக்ஸ்' (முதல் கெடு), 'ஃப்ரீஸ்' (இறுதிக் கெடு)னு ரெண்டு கெடு கழுத்தைப் பிடிக்கும்.

படிக்கறதுக்குக் காசு தேவையில்ல. என்எச்எஸ் கிளாசிஃபிகேஷன்ஸ் ப்ரௌசர்ல ஐசிடி-10, ஓபிசிஎஸ்-4 ரெண்டும் இலவசமா பார்க்கலாம், தேசிய ஸ்டாண்டர்ட்ஸ் புத்தகங்களும் அங்கேயே இருக்கு. முதல்ல இண்டெக்ஸ்ல தேடி, கிடைச்ச கோடை டேபுலர் லிஸ்ட்ல போய் உறுதி பண்ற வழக்கத்தை இப்பவே பிடிச்சுக்கோங்க. எவ்வளவு அனுபவசாலியா இருந்தாலும் நினைவுல இருந்து கோட் போடறவங்களை இங்க யாரும் விரும்ப மாட்டாங்க.

விண்ணப்பம் என்எச்எஸ் ஜாப்ஸ் தளத்துல. 'பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன்'ல 'எசென்ஷியல்'னு போட்டிருக்கற ஒவ்வொண்ணுக்கும் 'சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷன்' பகுதியில ஒரு உதாரணம் எழுதுங்க. ஷார்ட்லிஸ்ட் பண்றவங்க அந்தப் பட்டியலை வச்சுத்தான் மார்க் போடறாங்க. சென்னை ரெஸ்யூமேயை அப்படியே ஒட்டினா போணியாகாது. 'தினம் இத்தனை சார்ட், 95% குவாலிட்டி'ங்கறதைவிட, புரியாத டாக்குமென்டேஷன் வந்தப்ப என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க. ஸ்பான்சர்ஷிப் தேவையில்லங்கறதையும் தெளிவாச் சொல்லிடுங்க. டிபென்டன்ட்டா இருக்கறது இந்த இடத்துல உங்களுக்கு நல்ல சாதகம். ஆள் நிறைய சேர்ந்தா கடைசித் தேதிக்கு முன்னாடியே விளம்பரத்தை மூடிடுவாங்க, அதனால கண்ணுல பட்ட அன்னைக்கே அனுப்புங்க.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி அக்கா. பணம் தப்பிச்சுது. ஆனா ட்ரெய்னி போஸ்ட் எங்க ஏரியாவுல வர்ற மாதிரியே தெரியலையே?

இன்னொருவர்:

தங்கச்சி, நான் ஹாரோ பக்கம் இருக்கிறன், யாழ்ப்பாணத்தில இருந்து வந்தனான். கோடிங்குக்கு நேரா வரேல்ல. முதல்ல ஹெல்த் ரெக்கார்ட்ஸில பேண்ட் 2 வேலைக்குத்தான் சேர்ந்தனான். ஃபைல் எடுத்துக் குடுக்கிற வேலையெண்டு சனம் சிரிக்கும், சிரிக்கட்டும். உள்ளுக்க இருந்தால்தான் இன்டர்னல் வேக்கன்சி கண்ணில படும், கோடிங் டீமில இருக்கிறவையோட பழக்கமும் வரும். வார்ட் கிளார்க், மெடிக்கல் செக்ரட்டரி, ட்ரஸ்ட்டின்ர பேங்க் வேலை (தேவைப்படேக்க கூப்பிடுற தற்காலிக வேலை), எது கிடைச்சாலும் பிடியுங்கோ. எங்கட பிள்ளையளில கனபேர் ஏ-லெவல் பயாலஜியோட கடையில நிக்கினம், அவையளுக்கும் இந்த வழியைச் சொல்லுங்கோ.

பதில்:

அண்ணா சொன்னதுதான் சரியான வழி. பி.ஃபார்ம் படிச்சுட்டு பேண்ட் 2-ஆன்னு மாமியார் வீட்டுல கேட்டா கேக்கட்டும்.

ஒண்ணு விட்டுப்போச்சு. ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ மாதிரி நம்ம ஆளுங்க நிறைஞ்ச இடத்துல வேலை கிடைச்சா, தெரிஞ்ச பேர் எல்லாம் ஸ்க்ரீன்ல வரும். கோயில்ல பார்த்த அத்தை எதுக்கு அட்மிட் ஆனாங்கன்னு எட்டிப் பார்க்கத் தோணும். உங்க வேலைக்கு வராத ரெக்கார்டைத் திறக்கவே கூடாது. சொந்தக்காரங்க 'ரிசல்ட் என்னன்னு பார்த்துச் சொல்லேன்'னு ஃபோன் பண்ணினாலும் கூடாது. யார் எப்ப திறந்தாங்கன்னு சிஸ்டத்துல பதிவாகும். அதுக்கு வேலையே போகலாம். இன்டர்வியூவுலயும் இதை ஏதாவது ஒரு விதத்துல கேப்பாங்க, பதிலைத் தயாரா வச்சுக்கோங்க.

சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷன் எழுதினதும் பேர், முகவரியை எடுத்துட்டு இங்கேயே போடுங்க. பார்த்துத் திருத்தித் தர்றேன்.