வேகன் ஆருக்கும் கே.டி.எச். வானுக்கும் ஒரே காற்றடிக்கிற மெஷின் போதுமா?

நானுஓயா_மேடு:

வணக்கம். நுவரெலியா பக்கம் எங்க வீட்டுல ரெண்டு வண்டி நிக்குது. ஒண்ணு வேகன் ஆர், டயர் 155/65 ஆர் 14. மத்தது டொயோட்டா கே.டி.எச். வான், 195 ஆர் 15. வான் கிழமைக்கு ஒருதரம் ஹட்டன், அவிசாவளை வழியா கொழும்புக்கு இறங்கி ஏறும். டவுன்ல டயர் கடை திறக்க முந்தியே கிளம்புறதால சொந்தமா ஒரு சின்ன கம்பிரஷர் வாங்கப் பார்க்கிறேன். கடையில மூணு வகை காட்டுறாங்க: கையில பிடிக்கிற சார்ஜ் மெஷின், சிகரெட் லைட்டர் சொக்கெட்டுல குத்துறது, பெட்டரியில நேரா கிளிப் போடுறது. ஒண்ணுல 150 பி.எஸ்.ஐ., இன்னொண்ணுல 300 பி.எஸ்.ஐ.ன்னு போட்டிருக்கு. விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதை எடுக்கிறது?

இன்னொரு சந்தேகம். இங்க அடிச்ச காத்து கொழும்புல கூடிப்போகும், இறக்கிவிடணும்னு சிலர் சொல்றாங்க. உண்மையா?

டயர்ப்பட்டறை:

தம்பி, அந்த 150, 300 ரெண்டையும் மறந்துடுங்க. உங்க காருக்கு 35 போதும், வான் பின் டயருக்கு 50ன்னு வைப்போம். 300 யாருக்கு வேணும்? அது வாயை அடைச்சு வெச்சா உள்ள ஏறக்கூடிய அழுத்தம். டயருக்குள்ள எவ்வளவு வேகமா காத்து போகும்னு அந்த இலக்கம் சொல்லாது.

பார்க்க வேண்டியது வேற மூணு. நிமிஷத்துக்கு எத்தனை லீற்றர், எத்தனை அம்பியர் இழுக்கும், நிப்பாட்டாம எத்தனை நிமிஷம் ஓடலாம். இந்த மூணும் பெட்டியில எழுதாத மெஷினை வாங்காதீங்க.

கணக்கைப் பாருங்க. உங்க வேகன் ஆர் டயருக்குள்ள ஏறக்குறைய 19 லீற்றர் இடம். கொழும்புல வெளிக்காத்தோட அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ., நுவரெலியா உயரத்துல சுமார் 11.8 தான். அதனால சுத்தமா இறங்கின டயரை 35க்குக் கொண்டுவர கொழும்புல 45 லீற்றர் வெளிக்காத்தை உள்ள தள்ளினா போதும், இங்க 56 லீற்றர் தள்ளணும். அதே மெஷின், அதே டயர், ஆனா கால்வாசி நேரம் கூட. மெஷின்ல குறையில்ல, மலைக்காத்து மெலிசு.

வான் டயருக்குள்ள சுமார் 40 லீற்றர். 50 பி.எஸ்.ஐ. வரைக்கும்னா இங்க 170 லீற்றர் வேணும். பெட்டியில 35 லீற்றர்னு போட்டிருக்கிற ஒத்தை சிலிண்டர் மெஷின், எதிரழுத்தம் ஏற ஏற அதுல பாதிகூட குடுக்காது. நிமிஷத்துக்கு 15ன்னு வெச்சா பதினொரு நிமிஷத்துக்கு மேல ஆகும். இந்த மெஷின்கள் நிறைய 10 நிமிஷம் ஓடினா ஆறப் போடணும்ங்கிற ரகம். அதுக்கு மேல ஓட்டினா முதல்ல பிஸ்டன்ல இருக்கிற ரிங் தேயும். பிறகு சத்தம் வரும், காத்து வராது. பிளாஸ்டிக் பல்சக்கரம் போட்டதுன்னா பல்லே உருகிடும்.

ரெட்டை சிலிண்டர், 70 லீற்றர்னு போட்டதை எடுத்தா அதே வான் டயர் ஐஞ்சு நிமிஷத்துல முடியும். ஆனா அது 25 அம்பியருக்கு மேல இழுக்கும், சொக்கெட்டு தாங்காது. பெட்டரியில நேரா கிளிப் போடுறதுதான் வழி.

என் முடிவு: வான் இருக்கிற வீட்டுக்கு கிளிப் போடுற ரெட்டை சிலிண்டர். காருக்கும் அதையே பாவிக்கலாம். கார் மட்டும்னா ஒத்தை சிலிண்டர் தாராளம்.

கொண்டையூசி_வளைவு:

டயர்ப்பட்டறை அண்ணன் சொன்ன கணக்கு சரி. சார்ஜ் மெஷினை மட்டும் அப்படியே தள்ளிவிட வேண்டாம்னு நினைக்கிறேன். தினசரி வேலை பங்சர் டயரை நிரப்புறது இல்ல, 28க்கு இறங்கினதை 35க்கு ஏத்துறது. வேகன் ஆர்ல அதுக்கு 11 லீற்றர் காத்து, ஒண்ணு ஒன்றரை நிமிஷ வேலை. நாலு டயரையும் பார்த்துட்டு சார்ஜ் மிச்சமிருக்கும். வயர் இழுக்கத் தேவையில்ல, பொனெட் திறக்கத் தேவையில்ல. விடியக்காலை மூடுபனியில அதோட டோர்ச்சும் உதவும்.

ஆனா இறங்கின வான் டயரை அதால நிரப்ப முடியாது. நடுவுல சூடாகி நின்னுடும். டெஷ்போர்ட்ல போட்டுட்டு கொழும்பு வெயில்லயும் வைக்காதீங்க. மாசக்கணக்கா பாவிக்காம இருந்தாலும் மூணு மாசத்துக்கு ஒருதரம் சார்ஜ் பண்ணுங்க. இல்லாட்டி தேவைப்படுற அன்னைக்கு அது பேப்பர் பாரம் மாதிரிதான்.

சொக்கெட்டுல குத்துறதைப் பத்தி அண்ணன் வேகமா தாண்டிட்டார். நிறைய டொயோட்டாவுல சொக்கெட் மூடியிலேயே 12 வோல்ட் 120 வொட்னு இருக்கும். அது 10 அம்பியர். 13, 14 அம்பியர் இழுக்கிற மெஷினைக் குத்தினா பியூஸ் போகலாம், போகாட்டி சொக்கெட் பிளாஸ்டிக் இளகும். ஐஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடுன்னா அந்த மெஷின் அந்த சொக்கெட்டுக்கு இல்ல. பியூஸ் போச்சுன்னு பெரிய பியூஸ் மட்டும் போட்டுடாதீங்க, பிறகு எரியிறது வயர்.

வயரோட தடிப்பையும் பாருங்க. 0.75 சதுர மில்லிமீற்றர் வயர்ல 3 மீற்றர் போய் வர்றதுக்குள்ள, 12 அம்பியர்ல ஒன்றரை வோல்ட்டுக்கு மேல வயரிலேயே போயிடும். மோட்டர் திணறும், காத்து மெதுவா ஏறும், நாம மெஷினைக் குறை சொல்லுவோம். நீளம் கூட வேணும்னா காத்துக் குழாயை நீளமா வாங்குங்க, கரண்ட் வயரை நீட்டாதீங்க. கே.டி.எச். பின் டயருக்கு 5 மீற்றர் சுருள் குழாய் வசதி.

தேயிலைக்கொழுந்து:

த்ரீவீல் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 4.00-8 டயர் சின்னது, உள்ள டியூப். சின்ன சார்ஜ் மெஷினே போதும். ரெட்டை சிலிண்டரை அந்தப் பெட்டரியில போட்டு இழுக்காதீங்க, பிறகு செல்ஃப் அடிக்காது.

ரம்பொட_இறக்கம்:

ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. இறக்கிவிடத் தேவையில்ல.

மேல ஏறுறப்போ வெளி அழுத்தம் குறையிறதால மீற்றர் 3 பி.எஸ்.ஐ. கூடக் காட்டணும். ஆனா குளிர் அதை இழுத்துப் பிடிக்கும். கொழும்புல 30 பாகைச் சூட்டுல 32 அடிச்ச டயர் நுவரெலியாவுல 15 பாகையில ஆறினதும் 32.6 காட்டும். இங்க குளிர்ல 32 அடிச்சது கொழும்புல 31.4. அரை பி.எஸ்.ஐ. வித்தியாசத்துக்கு யாரும் ஊசியை அழுத்தத் தேவையில்ல. ஜனவரி, பெப்ரவரி விடியலில 8 பாகைக்கு இறங்கினா இன்னொரு 1 பி.எஸ்.ஐ. குறையும், அவ்வளவுதான்.

இந்தப் பேச்சு எங்கயிருந்து வருதுன்னா, கினிகத்தேனை இறங்கினதும் பெற்றோல் செட்டுல நிப்பாட்டி சூட்டோட மீற்றர் வைக்கிறதால. ஓடின டயரும், இறக்கத்துல பிரேக் பிடிச்சு காய்ஞ்ச ரிம்மும் 3, 4 பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டா, டயர் ஆறினதும் உண்மையிலேயே காத்துக் குறைஞ்ச டயரோடதான் ஓடுவீங்க. வளைவுக்கு வளைவு ஸ்டியரிங் இழுக்கும், டயரோட தோள் பக்கம் தேயும். காலையில வண்டியை எடுக்க முந்தி அளந்ததுதான் கணக்கு.

ஜப்பான் வண்டின்னா டிரைவர் கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல கிலோபஸ்கால்ல இருக்கும். 220ன்னா 32, 240ன்னா 35, 250ன்னா 36. எழுத்து புரியாட்டியும் டயர் அளவு இருக்கிற வரியில பாருங்க. அலகு மாத்துற பொத்தான் இருக்கிற மெஷினை எடுத்தா இந்தக் கணக்கும் வேண்டாம்.

நானுஓயா_மேடு:

எல்லாருக்கும் நன்றி. அப்போ கிளிப் போடுற ரெட்டை சிலிண்டர்தான் எடுக்கப் போறேன். ரெண்டு விஷயம் மட்டும். வான்ல இடப்பக்கப் பின் டயர் மூணு நாளைக்கு ஒருதரம் 8 பி.எஸ்.ஐ. மாதிரி இறங்குது, ஆணி ஒண்ணும் இல்ல. மத்தது, இந்த மெஷின் மீற்றரை நம்பலாமா?

டயர்ப்பட்டறை:

மீற்றரை ஓடுறப்போ நம்பாதீங்க. மெஷின் தள்ளுறப்போ குழாய்க்குள்ள இருக்கிற அழுத்தத்தைத்தான் அது காட்டும், அது டயரை விடக் கூட. நிப்பாட்டி ஐஞ்சு செக்கன் விட்டுப் பாருங்க. வால்வுல மாட்ட முந்தி 0 காட்டுதாங்கிறதையும் பாருங்க. தனியா ஒரு நல்ல முள் மீற்றர் வாங்கி ரெண்டையும் ஒரே டயர்ல ஒத்துப் பாருங்க. 2 கூடக் காட்டுதுன்னு தெரிஞ்சா அந்த 2ஐ எப்பவும் கழிச்சுக்கலாம். ஒருதரம் கூட, ஒருதரம் குறையக் காட்டினா அந்த மீற்றர் வேஸ்ட்.

டயர் விஷயம். ஆணி இல்லாட்டி ரெண்டு இடம்தான். முதல்ல வால்வு மூடியைக் கழட்டி ஒரு விரல் எச்சில் வைங்க. மெல்லிசா ஒரு குமிழி மேடு கட்டி உடையும், திரும்பக் கட்டும். அப்படின்னா உள்ள இருக்கிற வால்வ் பின் தளர்ந்திருக்கு, இல்ல மண் பட்டிருக்கு. அதைத் திருகுற சாவி சின்னது, பார்ட்ஸ் கடையில கிடைக்கும். அரைச்சுத்து இறுக்குங்க, நிக்காட்டி புதுப் பின் போடுங்க. வால்வைப் பக்கவாட்டுல வளைச்சும் பாருங்க, ரப்பர் அடியில வெடிச்சிருந்தா வால்வையே மாத்தணும்.

அங்க குமிழி இல்லாட்டி ரிம் ஓரம். நம்ம பக்கத்து மழைக்கும் சேத்துக்கும் இரும்பு ரிம் உள் விளிம்புல துரு பிடிச்சு செதில் கட்டும், டயரோட விளிம்பு அதுல ஒட்டி உட்காராது. வாகன இறக்குமதி 2020 மார்ச்ல நின்னு 2025 வரைக்கும் கார் வராததால ஓடுறது நிறையப் பழைய ரிம்தான். சோப்புத் தண்ணியை ரிம் ஓரம் சுத்தி ஊத்துங்க, வெள்ளை நுரை சின்னச் சின்னப் பொட்டா ஒரு இடத்துல கூடும். டயரைக் கழட்டி, துருவைக் கம்பித் தூரிகையால தேய்ச்சு, சீலர் பூசிப் போடணும். இது கடை வேலை, கம்பிரஷர் வேலை இல்ல.

கொண்டையூசி_வளைவு:

கிளிப் மெஷினை முதல் தரம் பாவிக்கிறப்போ வரிசை மாறாம செய்யுங்க. ஹேண்ட் பிரேக் போடுங்க, கியரை நியூட்ரல்ல வைங்க (ஓட்டோன்னா பி-யில), சில்லுக்குக் கீழ்ப்பக்கம் கல் வைங்க. நம்ம ரோட்டுல சமமா தெரியிற இடமும் சரிவுதான். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க. சிவப்புக் கிளிப் பெட்டரி பிளஸ்ல, கறுப்புக் கிளிப் மைனஸ்ல. மெஷின் சுவிட்ச் ஓஃப்ல இருக்கணும். குழாய் வாயை வால்வுல மாட்டி, பிறகு சுவிட்ச். மெஷினை மண்ணுல வைக்காம கால்மிதியை விரிச்சு அது மேல வைங்க, காத்து உறிஞ்சுற ஸ்பொஞ்ச் அடிப்பக்கம் இருக்கிற மெஷின்கள் மண்ணை இழுக்கும். முடிஞ்சதும் சுவிட்ச் ஓஃப், பிறகு வாயைக் கழட்டுங்க. வால்வுப் பக்கத்துப் பித்தளை வாய் சுடும், வெறும் கையால பிடிக்காதீங்க, துணி வெச்சுப் பிடிங்க.

வாய் திருகுற வகையா, நெம்புகோல் வகையான்னும் பாருங்க. திருகுறது கசியாது, ஆனா கழட்டுறப்போ அரைச்சுத்துக்குள்ள 1 பி.எஸ்.ஐ. சீறிப் போகும், அதனால 1 கூட அடிங்க. நெம்புகோல் கழட்ட லேசு, ரப்பர் தேஞ்சா பக்கவாட்டுல ஊதும்.

நானுஓயா_மேடு:

டயர் விளிம்பு ரிம்மை விட்டு விலகிட்டா இந்த மெஷினால ஏத்தலாமா?

டயர்ப்பட்டறை:

டியூப் இல்லாத டயர் ரிம்மை விட்டு விலகினா சின்ன மெஷின் போடுற காத்து ஓரத்தாலேயே வெளிய போயிடும். ஜக் போட்டுப் பாரத்தை எடுத்து, வால்வ் பின்னைக் கழட்டி, டயரைச் சுத்தி பார்சல் கட்டுற பட்டியால இறுக்கினா ரெட்டை சிலிண்டரால சிலநேரம் முடியும். டப்புன்னு ரெண்டு சத்தம் கேட்டா விளிம்பு உட்கார்ந்துட்டுது, உடனே பின்னைப் போட்டுத் திரும்ப நிரப்புங்க. விரலை ரிம் பக்கம் வைக்காதீங்க. சரிவுல ஜக் போட்டு இதைச் செய்யவே வேண்டாம், ஸ்பெயார் வீலை மாட்டிட்டு விலகினதைக் கடைக்குக் கொண்டு போங்க. வண்டிக்கடியில இருக்கிற ஸ்பெயார் வீல்லயும் மாசத்துக்கு ஒருதரம் காத்துப் பாருங்க, கே.டி.எச்சுல அது அடியில தொங்குறதால யாரும் குனியிறதில்ல.

தேயிலைக்கொழுந்து:

கடைசியா ஒண்ணு: ரெட்டை சிலிண்டர் போடுற சத்தத்துக்கு விடியக்காலை நாலரைக்கு லயமே எழும்பும். முதல் நாள் ராவே, வண்டி வந்து நின்னு மூணு மணித்தியாலம் ஆறினதும் அடிச்சு வெச்சிடுங்க.